பேரணி ஸ்டேஷனில் இருபது நிமிஷம்

வாடகை நூலகம் நடத்துகிறவனுக்கு ஊரில் யார் எந்த நாவலின் எந்தப் பக்கத்தில் அழுதார்கள் என்பதெல்லாம் தெரிந்துவிடும். அதை வெளியில் சொல்லாமல் இருப்பது அந்தத் தொழிலில் பாதி. கொடுத்த புத்தகத்தைத் திரும்ப வாங்குவது மீதிப் பாதி.

ஐம்பதுகளின் கடைசியில் இந்தத் தொழிலுக்கு வந்தேன். விழுப்புரத்தில் ஒரு மல்லாட்டை மண்டியின், அதாவது நிலக்கடலை மண்டியின், முன்னறையில் மூன்று அலமாரி போட்டிருந்தேன். செவ்வாயும் வெள்ளியும் இரண்டு பைகளில் புத்தகங்களை நிரப்பிக்கொண்டு காலைப் பாசஞ்சரில் திண்டிவனம் போவேன். ஸ்டேஷன் எதிரே ஒரு சைக்கிள் கடை பெஞ்சுதான் அங்கே எனக்குக் கிளை நூலகம். சாயங்கால வண்டியில் திரும்பிவிடுவேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குமேல் எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த மூன்று அலமாரிகளிலிருந்து வந்தது.

என் நூலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வாசகர்கள் புத்தகத்தின் ஓரத்தில் கிறுக்குவதை யாராலும் நிறுத்த முடியாது. துப்பறியும் நாவலின் பத்தாம் பக்கத்திலேயே ‘இவன்தான் கொலைகாரன்’ என்று பென்சிலால் எழுதிவிடுவார்கள். அடுத்தவன் வந்து என் சட்டையைப் பிடிப்பான். அதனால் ஒவ்வொரு புத்தகத்தின் கடைசியிலும் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, ‘உங்கள் கருத்தை இங்கே மட்டும் எழுதவும்’ என்று போட்டுவிட்டேன். அதற்குப் பின்தாள் என்று பெயர் நின்றுவிட்டது. புத்தகம் எடுக்க வருகிறவர்கள் முதல் பக்கத்தைப் பார்ப்பதில்லை. நேராகப் பின்தாளுக்குத்தான் போவார்கள்.

ஒரு மோசமான காதல் நாவலைக் கடைசி வரி வரைக்கும் படித்து முடித்துவிட்டு, இதற்காகவா ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டோம் என்று நீங்களும் நொந்துபோயிருப்பீர்கள். நாமெல்லாம் ஒரே கட்சி. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலாளி நாவல் எழுதினார்

மண்டிக்கும் என் முன்னறைக்கும் சொந்தக்காரர் வேதாசலம். எல்லோருக்கும் அவர் முதலாளி. மல்லாட்டையை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்து எந்த ஊர் மண்ணில் விளைந்தது என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் ஒரு ஆவணி மாதக் காலையில் பத்துப் புத்தகங்களைக் கட்டாகக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். ‘புகைவண்டிப் புஷ்பம், இனிய காதல் நவீனம்’ என்று அட்டையில் இருந்தது. பின்னட்டையில் சால்வையோடு அவருடைய படம்.

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மாசியில் வரும் சரக்கு வரத்துக்கு மூட்டை அடுக்க இடம் போதவில்லை, இந்த அறையைக் கேட்கலாம் என்று இருந்தாராம். ஆனால் தன் நாவலை ஊர் படிக்கிறது என்றால் நூலகத்தைக் காலி பண்ணச் சொல்ல மனசு வராதாம். தை பிறப்பதற்குள் பின்தாளில் ஐம்பது பேர் கையெழுத்து இருக்க வேண்டும். நானே போட்டால் கண்டுபிடித்துவிடுவாராம். எழுந்து போகும்போது வாசற்படியில் நின்று சொன்னார்:

“அம்பது பேரு படிச்சாங்கன்னா ரூம்பு உனுக்கு. படிக்கலன்னா மல்லாட்டைக்கு.”

தொலைந்துபோன பாரம்

அன்று மத்தியானமே படித்தேன். மதன் என்ற வாலிபன் விழுப்புரம் ஜங்ஷனில் வண்டி ஏறுகிறான். எதிர் சீட்டில் புஷ்பா. முண்டியம்பாக்கத்தில் கண்கள் சந்திக்கின்றன. விக்கிரவாண்டியில் ‘நீ இல்லையேல் நான் இல்லை’ என்கிறான். பேரணியில் அவளுடைய தகப்பனார் எதிர்க்கிறார். மயிலத்தில் மனம் மாறுகிறார். திண்டிவனத்தில் கல்யாணம். ஒரு மணி நேரப் பயணத்தில் எல்லாம் முடிந்து, மிச்சமிருந்த பக்கங்களில் வாழ்த்துப்பாக்கள்.

எனக்கு முதலில் வந்த சந்தேகம் தொழில்முறைச் சந்தேகம்தான். புத்தகம் தைக்கும்போது பதினாறு பக்கம் கொண்ட ஒரு பாரம் விட்டுப்போவது உண்டு. விக்கிரவாண்டிக்கும் பேரணிக்கும் நடுவில் ஒரு பாரம் காணாமல் போயிருக்க வேண்டும், அதில்தான் இவர்கள் ஒருவரையொருவர் தெரிந்துகொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன். இன்னொரு பிரதியை எடுத்துப் பார்த்தேன். அதிலும் இல்லை. பத்துப் பிரதிகளையும் தூக்கிக்கொண்டு பைண்டிங் முனுசாமியிடம் ஓடினேன். அவன் தையலைப் பிரித்து, பாரம் பாரமாக எண்ணி, பக்க எண்ணையும் சரிபார்த்துவிட்டுத் தலை நிமிராமல் சொன்னான்:

“பக்கம்லாம் கரெக்டா கீதுண்ணே. காதல்தான் கொறச்சலா கீது.”

கார்டு சாமிக்கண்ணு

முதலில் எடுத்துப்போனவர் ரயில்வே கார்டு சாமிக்கண்ணு. ரயில் கதை என்றதும் ஆசையாக வாங்கினார். அந்தத் தடத்தில் பச்சைக் கொடி காட்டியே தலை நரைத்தவர். மூன்றாம் நாள் பிளாட்பாரத்தில் என்னைப் பார்த்ததும், கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேகமாக வந்தார்.

“லைப்ரரி, முண்டியம்பாக்கத்துல வண்டி ஒரே நிமிஷம்தான் நிக்கும். அதுக்குள்ள ஒரு டீ வாங்கிக் குடிக்க முடியாது. இவன் பொண்ணு மனசயே வாங்கிட்டான்றான்யா!”

இரண்டு விமர்சனங்கள்

கோட்டக்குப்பத்திலிருந்து அத்தர் விற்க வரும் இஸ்மாயில் பாய் நல்ல ரசிகர். சோகமான முடிவென்றால் இரண்டு தரம் படிப்பார். பின்தாளில் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு, கருத்தை வாயால் சொன்னார். “மூடிய தொறந்ததும் ஜல்தியா மூக்குல அடிக்குது பாருங்க, அந்த அத்தர் பத்து நிமிஷத்துல பறந்துடும். இது அந்த மாதிரி. பேஜாரு.”

பெருமுக்கல் கிராமத்து அஞ்சலை வேறு மாதிரி. சொந்தப் பயிர் வைத்திருக்கும் குடும்பம். எட்டாவது வரை படித்தவர். விதை மல்லாட்டை உரிக்க அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆறு பேர் கூடும்போது, அஞ்சலை ஒரு கையும் உரிக்காமல் நாவலைச் சத்தமாகப் படிப்பார். அவர் பங்கை மற்றவர்கள் உரித்துவிடுவார்கள். ஒரு வெள்ளிக்கிழமை சைக்கிள் கடைக்கு வந்தவர், புத்தகத்தைப் பெஞ்சில் வைத்த வேகத்தில் நான் எழுந்து நின்றுவிட்டேன். புஷ்பாவின் கண் மான் கண், நடை அன்ன நடை என்று ஒன்பது இடத்தில் வருகிறதாம். உரிக்கிற பெண்கள் பாதியில் எழுந்து போய்விட்டார்களாம்.

“அந்தப் பொண்ணு என்னா சாப்புடும், யார் மேல கோவிச்சிக்கும், ஒண்ணும் தெரியலியேண்ணா. பொண்ணு பாக்கப் போற வூட்ல கூட இதவிட ஜாஸ்தியா சொல்லுவாங்க!”

பதினொன்று

தீபாவளி வந்தபோது பின்தாள்களில் இருந்த கையெழுத்து பதினொன்று. கெஞ்சி வாங்கியவை மூன்று. புதிதாக வருகிறவர்கள் பின்தாளைப் பார்த்துவிட்டு, சூடான சட்டியைத் தொட்டதுபோல் புத்தகத்தைத் திரும்ப வைத்தார்கள். நான் உண்டாக்கிய வழக்கமே என் அறைக்கு உலை வைத்தது. பின்தாளைக் கிழித்துவிடலாமா என்றுகூட ஒரு நாள் கை போனது. கிழிக்கவில்லை. வாசகன் எழுதியதைக் கிழிக்கிறவன் அப்புறம் எதற்கு நூலகம் நடத்த வேண்டும்?

அலமாரிகளை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று யோசிக்க ஆரம்பித்தேன். என் வீடு ஒரு பாயும் ஒரு அடுப்பும் கொள்ளும் வீடு. முதலாளி தினமும் காலையில் அறை வாசலில் நின்று நீள அகலத்தைக் கண்ணால் அளப்பார். அளந்துவிட்டுச் சிரித்துக்கொண்டே கேட்பார்:

“இன்னாப்பா, புஷ்பம் எப்படிப் போய்க்கினு இருக்குது?”

தையல் டீச்சர்

திண்டிவனத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் சரஸ்வதி தையல் டீச்சராக இருந்தார். செவ்வாயில் எடுத்தால் வெள்ளியில் திருப்பித் தருவார். பிய்ந்துபோன புத்தகத்தைக் கொடுத்தால் முதுகைத் தைத்துத் திருப்பித் தருவார். அதிகம் பேசமாட்டார். நானும் பேசமாட்டேன். எங்களுக்குள் ஒரு வருஷமாக நடந்த பேச்சு ‘இது வேணுங்க’, ‘இந்தாங்க’ என்பதுதான். எந்தப் புத்தகத்திலும் அவர் பின்தாளில் எழுதியதில்லை.

கார்த்திகையில் ஒரு செவ்வாய், வேறு புத்தகம் இல்லாமல் புஷ்பத்தை எடுத்துப்போனார். வெள்ளிக்கிழமை வந்தபோது புத்தகம் சற்றுத் தடித்திருந்தது. தையல் வகுப்பில் ஜாக்கெட் அளவு வெட்டும் பழுப்புக் காகிதத்தை நாவல் அளவுக்கு வெட்டி, நாலு தாள் எழுதி, பேரணி வரும் பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் நடுவில் நூல் போட்டுத் தைத்திருந்தார். நான் அங்கேயே நின்று படித்தேன். இன்றும் அது எனக்கு மனப்பாடம்:

‘பேரணியில் எதிர்வண்டிக்காக இருபது நிமிஷம் நிறுத்திவிட்டார்கள். வண்டி ஓடும்போது இவ்வளவு பேசிய மதனுக்கு, நின்றதும் பேச்சு வரவில்லை. புஷ்பா தூக்கைத் திறந்து புளிச்சோற்றை எடுத்தாள். பக்கத்தில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தாள். புஷ்பா பாதியை அவளுக்குக் கொடுத்தாள். எனக்குப் பசியில்லை என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் திரும்பியதும் விரலில் ஒட்டியிருந்ததை நக்கிக்கொண்டாள். மதன் அதைப் பார்த்துவிட்டான். அவனுக்கு வெட்கமாக இருந்தது. மான் கண் என்று சற்று முன் சொன்னதற்காக. தண்ணீர் பிடித்து வருகிறேன் என்று கூஜாவை எடுத்துக்கொண்டு இறங்கி ஓடினான். குழாயில் தண்ணீர் இல்லை. எதிர்வண்டி போய்விட்டது, கொடி ஆடியது. வெறும் கூஜாவோடு ஓடிவந்து ஏறினான். அப்போதுதான் புஷ்பா முதல் தடவையாகச் சிரித்தாள்.’

அதோடு முடியவில்லை. அந்தத் தகப்பனாருக்கும் ஒரு தாள் ஒதுக்கி, அவர் ஏன் எதிர்க்கிறார் என்பதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தார். படித்துவிட்டு நிமிர்ந்தேன். டீச்சர், ஏதோ திருடி அகப்பட்டுக்கொண்டவர்போல் புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு நின்றார்.

“நான் கதைய மாத்தலிங்க. வண்டிய மட்டும் கொஞ்சம் நிறுத்தினேன்.”

பேரணி காப்பி

அந்தப் பிரதியை முதலில் சாமிக்கண்ணுவிடம் கொடுத்தேன். மறுநாளே திருப்பிக் கொண்டுவந்தார். பேரணியில் குழாய் பழுதாகி நிஜமாகவே தண்ணீர் வருவதில்லையாம். டீச்சருக்கு எப்படித் தெரிந்தது என்று ஆச்சரியப்பட்டார். அவர் வாயிலிருந்து அது ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் போனது. ‘பேரணி காப்பி இருக்குதா?’ என்று கேட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒரே பிரதி, மார்கழி பிறந்துவிட்டது, கைக்கு வர ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். மீதி ஒன்பதும் சும்மா கிடந்தன.

பழுப்புக் காகிதம் வாங்கினேன். செவ்வாயும் வெள்ளியும் போகவர ரயிலில், பையை மடியில் வைத்து அதன்மேல் தாளை வைத்து, நாலு தாளையும் ஒன்பது தடவை கையால் எழுதினேன். வண்டி ஆடியதில் எழுத்தும் ஆடியது. பேரணி ஸ்டேஷனில் வண்டி நிற்கும்போது மட்டும் எழுத்து நேராக வரும். டீச்சர் தைத்துக் கொடுத்தார். பத்துப் பேரணி காப்பிகள் புறப்பட்டுப் போயின.

கையெழுத்துகள் இருபதாகி, முப்பதாகி, மார்கழி முடிய மூன்று நாள் இருக்கும்போது நாற்பத்தேழில் வந்து நின்றன. அன்று வெள்ளிக்கிழமை. அஞ்சலை பெருமுக்கலிலிருந்து வந்தார். பின்தாளைத் திறந்து காட்டினார். அவருடைய இரண்டாவது கையெழுத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் அதன் கீழே, உரிக்கிற பெண்கள் ஆறு பேரும் மசியில் கட்டைவிரலைத் தோய்த்து வரிசையாக ரேகை வைத்திருந்தார்கள். காதால் படித்தவர்களும் வாசகர்கள்தானே. ஐம்பத்து மூன்று! பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அஞ்சலை அதைக் கவனிக்கவில்லை. அவருக்குப் புஷ்பாவைப் பற்றித்தான் பேச்சு.

“இப்பதாண்ணா அந்தப் பொண்ணுக்கு உசுரே வந்துது. எங்க கொழுந்தனுக்கே கேக்கலாம் போல கீது!”

மூட்டைமேல் உட்கார்ந்த எழுத்தாளர்

போகிக்கு முந்தின நாள் முதலாளி வந்தார். பத்துப் பிரதிகளையும் மேஜையில் அடுக்கியிருந்தேன். கையெழுத்துகளை ஒவ்வொன்றாக எண்ணினார். ரேகைகளில் கொஞ்சம் தயங்கினார். பிறகு அவற்றையும் எண்ணினார். முகம் மலர்ந்தது. எழுந்தவர், ஞாபகம் வந்தாற்போல் திரும்பி, “ஆமா, ஸ்டேஷன்ல எல்லாரும் பேரணி காப்பி பேரணி காப்பின்றாங்களே, அது இன்னா காப்பி?” என்றார்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. மேலே இருந்த பிரதியில் பழுப்புத் தாள் தைத்திருந்த இடத்தைத் திறந்து கொடுத்தேன். ஒருவர் எழுதிய நாவலில் இன்னொருவர் எழுதித் தைப்பது எவ்வளவு பெரிய தப்பு என்று அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. ஐம்பத்து மூன்று பேர் வந்தும் அறை போய்விட்டது என்று நினைத்தேன். முதலாளி அதை எடுத்துக்கொண்டு உள்ளே போய், ஒரு மல்லாட்டை மூட்டைமேல் உட்கார்ந்து படித்தார். ஒரு தரம் படித்துவிட்டு மறுபடி முதல் தாளுக்குப் போனார். எடை போடுகிறவர்கள் கூப்பிட்டும் நிமிரவில்லை.

வெளியே வந்தபோது சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. “யாரு எழுதினது?” என்றார். சொன்னேன். புத்தகத்தைத் திருப்பிப் பின்னட்டையில் இருந்த தன் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“பேரணிகிட்ட எழுதிக்கினு இருக்கும்போதே சித்திரை வரத்து வந்துடுச்சிப்பா. மூட்டையப் பாப்பனா, புஷ்பாவப் பாப்பனா? அதான் திண்டிவனத்துலயே தாலி கட்ட வெச்சிட்டேன். அடுத்த பதிப்புல இத சேத்துடு, டீச்சர் பேரயும் போடு. ரூம்பு உன்னுது.”

எங்கள் வண்டி

அடுத்த ஆவணியில் இரண்டாம் பதிப்பு வந்தது. ‘பேரணி அத்தியாயம் எழுதியவர்: திண்டிவனம் சரஸ்வதி’ என்று முதல் பக்கத்திலேயே இருந்தது. முதல் பிரதியை வெள்ளிக்கிழமை பாசஞ்சரில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். டீச்சர் தன் பெயரை விரலால் ஒரு தரம் தொட்டுப் பார்த்துவிட்டு, ‘இது வேணுங்க’ என்று வேறொரு நாவலைக் கேட்டார். ‘இந்தாங்க’ என்றேன்.

அப்புறம் நாலு வருஷம். செவ்வாய் கொடுத்து, வெள்ளி வாங்கினேன். அவருக்குப் பிடிக்கும் என்று தெரிந்த புத்தகங்களை மற்றவர் கையில் படாமல் பையின் அடியில் வைத்துக் கொண்டுபோவேன். முதுகு பிய்ந்த புத்தகங்களாகப் பார்த்து எடுத்துக்கொடுப்பேன். தைத்துத் திருப்பித் தரும்போது இரண்டு வார்த்தை அதிகமாகப் பேசலாமே. இதையெல்லாம் யாரும் கவனிக்கவில்லை என்றே நினைத்திருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை, நல்ல பைண்டிங்கோடு இருந்த ஒரு புத்தகத்தின் முதுகை நானே பிய்த்துக்கொண்டிருந்தபோது டீச்சர் எதிரே வந்து நின்றுவிட்டார். சைக்கிள் கடைக்காரர் பஞ்சர் ஒட்டுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுக்க, எல்லோரும் கேட்கும்படி சொன்னார்:

“லைப்ரரிக்காரரே, உங்க வண்டி எந்த ஸ்டேஷன்ல நிக்கும்னு நீங்களே சொல்லுவீங்களா, இல்ல நான் சங்கிலியப் புடிச்சி இழுக்கணுமா?”

தை மாதம் கல்யாணம். சாமிக்கண்ணு பச்சைக் கொடியோடு வந்தார். முதலாளி வாழ்த்துப்பா படித்தார். நீளமாக, அவசரமே இல்லாமல். சரஸ்வதி போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. முதல் பேரணி காப்பி என்னிடம்தான் இருக்கிறது. அந்தத் தையல் இன்னும் ஒரு இழைகூட விடவில்லை.

சக வாசகர்களே, மொத்தத்தில் ஒரு மோசமான நாவல் எனக்கு ஓர் அறையையும் ஒரு மனைவியையும் ஐம்பத்து மூன்று வாசகர்களையும் கொண்டுவந்து சேர்த்தது; நல்ல நாவல்களை எடுத்துப்போனவர்களோ பாதிப் பேர் இன்றுவரை திருப்பித் தரவில்லை.